ஜி-மேன் யாருக்கு வேலை செய்கிறார்? திரும்பி வந்தால் எதற்காக வருவார்?

கடப்பாரை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1998 முதல் 2020 வரை வந்த எல்லா ஹாஃப்-லைஃப் வீடியோ ஆட்டங்களின் முடிவும் கீழே பச்சையாகக் கிடக்கிறது. 2020இல் வந்த ஆலிக்ஸ் ஆட்டத்தை ஆடாதவர்கள் இப்போதே ஓடிவிடுங்கள்.

போன வாரம் ஆலிக்ஸை இரண்டாவது தடவை முடித்தேன். என்னிடம் விஆர் (மெய்நிகர்) ஹெட்செட் எல்லாம் கிடையாது. ரசிகர்கள் செய்த விஆர் இல்லாத மாற்று வடிவத்தில், மவுஸும் கீபோர்டும் வைத்துத்தான் ஆடினேன். கையை நீட்டிக் கதவைத் திறக்கிற சுகம் கிடைக்காது, ஆனால் கதை முழுசாகக் கிடைக்கும். முடித்த நாளிலிருந்து மண்டைக்குள் ஒன்று குடைந்துகொண்டே இருக்கிறது.

கோட்டு சூட்டுப் போட்ட மர்ம மனிதர் ஜி-மேனை நாம் இத்தனை வருஷமாகக் கடவுள் ரேஞ்சுக்கு வைத்துப் பேசுகிறோம். நேரத்தை நிறுத்துகிறார். நாம் ஆடுகிற நாயகன் கோர்டன் ஃப்ரீமேனைத் தூக்கி ஏறக்குறைய 20 வருஷம் எங்கேயோ உறைய வைக்கிறார். வேலை முடிந்ததும் டையைச் சரிசெய்துகொண்டு வெளிச்சத்துக்குள் நடந்து போய்விடுகிறார். எல்லாம் சரி. அவர் பேசுகிற சொற்களை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள்.

முதல் ஆட்டத்தின் கடைசிக் காட்சி, ஓடும் டிராமுக்குள். உன் சேவையை என் முதலாளிகளிடம் சிபாரிசு செய்திருக்கிறேன், உனக்கு வேலை தர எனக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள் என்கிறார். 22 வருஷம் கழித்து ஆலிக்ஸின் முடிவில் அதே சொல்: விஷயங்களை அவ்வப்போது லேசாக நகர்த்திவிட என் முதலாளிகள் எனக்கு அனுமதி தந்திருக்கிறார்கள். அனுமதி! கடவுளுக்கு எதற்கு அனுமதி?

இரண்டாம் பாகத்தின் முடிவு இன்னும் மோசம். பூமியைப் பிடித்த கம்பைன் என்ற வேற்றுலகப் படையின் கோட்டையான சிட்டாடல் வெடிக்கிற நொடியை நிறுத்திவைத்துக்கொண்டு, உன் சேவையைக் கேட்டுச் சில சுவாரசியமான அழைப்புகள் வந்திருக்கின்றன என்கிறார். அதற்குக் கொஞ்ச நேரம் முன்னால்தான் கம்பைனுக்காகப் பூமியை ஆளும் டாக்டர் பிரீன் கோர்டனைப் பார்த்துக் குத்தலாகக் கேட்பார்: உன் ஒப்பந்தம் யார் அதிகம் கேட்டாலும் கைமாறும் என்பது உனக்குத் தெரியுமா? எத்தனை பேர் அந்த வரியைக் கவனித்தோம்? நான் 2005இல் முதல் தடவை ஆடியபோது, மேலே மிதக்கிற அந்த மேடையைச் சுடுவதிலேயே குறியாக இருந்தேன்.

என் கட்சி இதுதான். ஜி-மேன் ஒரு தரகர். கோர்டன் சரக்கு. வேற்றுலக உயிர்களான வோர்ட்டிகான்ட்கள் அந்தச் சரக்கைப் பறித்துக்கொண்டு போய்விட்டன, கம்பைன் அவரையே பிடித்து வால்ட் என்ற சிறைக்குள் அடைத்தது. வெளியே வந்ததும் மேலிடத்துக்குக் கணக்குக் காட்ட ஆள் வேண்டுமே, அதனால் ஆலிக்ஸ் ஆட்டத்தின் நாயகி ஆலிக்ஸ் வான்ஸைப் பிடித்தார். ஆலிக்ஸ் "கம்பைனைப் பூமியிலிருந்து விரட்டு" என்று கேட்டபோது, அது என் முதலாளிகளின் நலனுக்கு ஒத்துவராத அளவுக்குப் பெரிய நகர்த்தல் என்று கையை விரித்தாரே, அதுதான் அவருடைய அதிகாரத்தின் எல்லைக்கோடு.

அடுத்த ஆட்டத்தில் வந்தால் எப்படி வருவார்? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

பழையடிஸ்க்

தலைவா, நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா இதுல பாதிக்கு மேல நம்ம கற்பனை.

ஆட்டத்துக்குள்ள யாராவது அவரை ஜி-மேன்னு கூப்பிட்டிருக்காங்களா? ஆட்டத்தோட கோப்புல இருந்த பேரு அது, அதுவே நிலைச்சுப் போச்சு. 98ல அவங்களுக்குத் தேவைப்பட்டது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிக்கிற கோட்டு சூட்டு ஆள் ஒருத்தர், அவ்வளவுதான். மர்மமா இருக்கட்டும்னு வச்சாங்க. நல்லா வேலை செஞ்சுது. பிறகு அந்த வெத்திடத்தைச் சுத்திக் கதை கட்டினாங்க.

ஆலிக்ஸோட அப்பா ஈலை வான்ஸையே பாருங்க. முதல் ஆட்டத்துல அப்படி ஒரு பேரே கிடையாது. வெள்ளைக் கோட்டு விஞ்ஞானிகளுக்கு இருந்ததே மொத்தம் நாலு முகம். 2004ல வந்து, அதுல ஒருத்தர்தான் ஈலைன்னு சொன்னாங்க, நாமளும் ஆமா ஆமான்னு தலையாட்டினோம்.

2024 நவம்பர்ல இரண்டாம் பாகத்தோட 20ஆம் ஆண்டுக்கு, ஆட்டத்தைச் செஞ்ச வால்வ் ஒரு ஆவணப்படம் விட்டாங்களே, பார்த்தீங்களா? இரண்டாம் பாகத்தோட தொடர்ச்சியா வரவேண்டி, வராமலே போன எபிசோட் மூணுக்காகச் செஞ்சு பார்த்த பனித் துப்பாக்கி எல்லாம் அதுல இருக்கு. அதுல வால்வ் தலைவர் கேப் நியூவெல் என்ன சொல்றார்? எபிசோட் மூணு எதை முன்னாடி நகர்த்தப் போகுதுன்னு தனக்குப் பிடிபடலைங்கிறார். ஜி-மேனோட ரகசியத்தைச் சொல்லி முடிக்கணும்ங்கிற தவிப்பு அந்தப் பேச்சுல எங்கயாவது தெரியுதா? எனக்குத் தெரியல.

வோர்ட்டிதாசன்

பழையடிஸ்க் வழக்கம்போல எல்லார் சோற்றிலும் மண்ணைப் போட்டுவிட்டார், நன்றி.

கடப்பாரை அவர்களே, வோர்ட்டிகான்ட்களை ஒரே வரியில் "பறித்துக்கொண்டு போய்விட்டன" என்று முடித்துவிட்டீர்களே, அடியேனால் பொறுக்க முடியவில்லை.

எபிசோட் ஒன்றின் தொடக்கத்தை இன்னொரு தடவை பாருங்கள். ஊதா வெளிச்சத்தில் வோர்ட்டிகான்ட்கள் வந்து கோர்டனுக்கும் ஜி-மேனுக்கும் நடுவே நிற்கின்றன. அவர் முகம் அப்படியே மாறுகிறது. அதையும் பார்க்கலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறார். மொத்தத் தொடரிலும் அந்த ஆளுக்குக் கோபம் வருவதைக் கண்ணால் பார்க்க முடிகிற இடம் அது.

அதைவிட முக்கியம் எபிசோட் இரண்டு. ஆலிக்ஸ் சாகக் கிடக்கிறாள். வோர்ட்டிகான்ட்கள் எல்லாம் அவளைக் குணப்படுத்துவதில் மூழ்கியிருக்கின்றன. அந்தச் சந்தில் நைசாக கோர்டனின் தலைக்குள் நுழைகிறார். உன் நண்பர்கள் வேறு வேலையில் இருக்கும் நேரம் பார்த்துத்தான் வர வேண்டியிருந்தது என்று அவர் வாயாலேயே ஒப்புக்கொள்கிறார். உன்மேல் ஒரு கண் வைத்திருப்பதைத் தவிர வேறெதுவும் செய்ய முடியவில்லை, சில கட்டுப்பாடுகளுக்கு நான் ஒத்துக்கொண்டிருக்கிறேன் என்றும் சொல்கிறார்.

யாருடன் செய்த ஒப்பந்தம் அது? முதலாளிகளுடனா, வோர்ட்டிகான்ட்களுடனா? எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. முதல் ஆட்டத்தின் முடிவில் கோர்டன் அவற்றை ஆண்ட நிகிலாந்தைக் கொன்று அவற்றின் அடிமைத்தளையை அறுத்தான். அதற்கான கடனை அவை தீர்க்கின்றன. ஜி-மேன் அதைப் பற்றி ஏளனமாகக்கூடப் பேசுவார்: மனித இனம் என்றாலே இரும்புக் காரிடாரில் தம்மை நோக்கி வரும் கடப்பாரைதான் என்று இவை நினைத்திருந்த காலம் ஒன்று உண்டு என்று. (உங்கள் புனைபெயருக்கு வாழ்த்துகள்.)

சேவ்பாயின்ட்

ஜி-மேன்தான் எதிர்காலத்திலிருந்து வந்த கோர்டன். முடிஞ்சுது கதை. இழையை மூடுங்க.

பழையடிஸ்க்

ஒரே குரல் கலைஞர், மைக் ஷாபிரோ, கோர்டனோட நண்பன் பார்னிக்கும் ஜி-மேனுக்கும் சேர்த்துப் பேசியிருக்கார். உங்க கணக்குப்படி பார்த்தா அவர் எதிர்காலத்துப் பார்னியாத்தான் இருக்கணும். பார்னி கோர்டனுக்குத் தரவேண்டிய பீரும் இன்னும் பாக்கி.

மலைநாட்டான்

கடப்பாரை அண்ணே, தரகர்ன்னு சொன்னீங்க. கிட்ட வந்துட்டீங்க, ஆனா சொல்லு அது இல்லைன்னு தோணுது. நான் இலங்கை மலையகத்துல ஹட்டன் பக்கம். எங்க ஊர்ல இதுக்கு வேற பேரு இருக்கு. கங்காணி.

தரகன்னா ஆளைக் காட்டிட்டு கமிஷன் வாங்கிட்டுப் போயிருவான். கங்காணி அப்படி இல்ல. அவனே ஊருக்குப் போவான், அவனே முன்பணம் கொடுப்பான், அவனே கூட்டிட்டு வருவான், தோட்டத்துல அவனே மேல நின்னு வேலை வாங்குவான். எங்க ஆளுங்களை மன்னார்ல இறக்கி மாத்தளை வரைக்கும் காட்டு வழியில நடத்திக் கூட்டிட்டு வந்ததும் அவனுகதான். கொடுத்த முன்பணம் கடன். அந்தக் கடனை ஒரு சீட்டுல எழுதி வச்சிருப்பாங்க, துண்டுன்னு பேரு. வேற தோட்டத்து துரைக்கு ஆள் வேணும்னா கடனைக் கட்டிட்டு எடுத்துக்கலாம். துண்டு கைமாறினா ஆளும் கைமாறும். 1921லதான் அந்த முறையை ஒழிச்சாங்க.

இப்ப பிரீன் சொன்னதை இன்னொரு தடவை படிங்க. ஒப்பந்தம் யார் அதிகம் கேட்டாலும் கைமாறும். அதுதானே துண்டு?

ஆலிக்ஸுக்கு நடந்ததும் அதேதான். அவ கேட்டதைக் கொடுக்கல. நீ கேட்கத் தெரியாத ஒண்ணைத் தர்றேன்னு சொல்லி, அஞ்சு வருஷம் கழிச்சு அவங்க அப்பா சாகப்போற காட்சியைக் காட்டுறார். அவ பதறிப்போய் அட்வைசர்ங்கிற அந்தக் கம்பைன் ஜந்துவைக் கொன்னு அப்பாவைக் காப்பாத்திடுறா. அதுதான் முன்பணம். நான் வீட்டுக்குப் போகணும்னு அவ சொன்ன உடனே, நீங்க நிலைமையைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க மிஸ் வான்ஸ்ங்கிறார். எனக்கு அந்த இடத்துல வயித்தைப் பிசைஞ்சுது. எங்க பாட்டி சொல்லிக் கேட்ட கதையில கங்காணி பேசுற பேச்சு அது. குரல்கூட அப்படித்தான் இழுத்து இழுத்து.

இன்னொண்ணு. கங்காணிக்கு ஆள் தலைக்கு இவ்வளவுன்னு துரைகிட்ட இருந்து காசு வரும். தலைக்காசு. ஆள் ஓடிப்போனா அவனுக்குத்தான் நட்டம். கோர்டன் ஓடிட்டான்.

கடப்பாரை

அடேயப்பா. தம்பி, இந்தத் துண்டு விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. கங்காணி என்றால் மேஸ்திரி மாதிரி என்றுதான் நினைத்திருந்தேன். இரண்டு நாளாக இதையே யோசித்துக்கொண்டிருந்தேன், அதனால்தான் பதில் தாமதம்.

நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் என்னை உறுத்திக்கொண்டிருந்த ஒரு விஷயம் பிடிபடுகிறது. ஜி-மேன் பொய் சொல்லி நான் பார்த்ததே இல்லை. தேடிப் பாருங்கள். முதல் ஆட்டத்தின் முடிவில் இரண்டு வழி காட்டுகிறார்: வேலையை ஏற்றுக்கொள், இல்லாவிட்டால் ஜெயிக்கவே முடியாத சண்டை. மறுத்துப் பார்த்தால் அவர் சொன்னபடியே, கையில் ஒரு துப்பாக்கிகூட இல்லாமல் ஏலியன் கூட்டத்துக்கு நடுவே நிற்போம். உன் ஆயுதங்களை எடுத்துக்கொண்டேன், பெரும்பாலும் அரசாங்கச் சொத்து, அந்த உடையை மட்டும் நீயே வைத்துக்கொள் என்கிறார். கணக்கில் ஒரு பைசா தவறாது. இரண்டாம் பாகத்தில், உனக்குத் தேர்வு இருக்கிறதென்ற மாயையைக்கூடத் தரப்போவதில்லை, நானே முடிவெடுக்கிறேன் என்று நேராகவே சொல்லிவிடுகிறார். ஆலிக்ஸிடம் சொன்னதும் அப்படியே நடக்கிறது, அப்பா பிழைக்கிறார். பேசாமல் விட்டது விலையை மட்டும்தான்.

துண்டில் பொய் எழுத வேண்டியதில்லை. படிக்கத் தெரியாதவனிடம் நீட்டினால் போதும்.

பனிக்கப்பல்

கங்காணி உவமை எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் ஆலிக்ஸை அவர் அவசரத்துக்குப் பிடித்தார் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இரண்டு காரணங்கள்.

முதல் ஆட்டம் நடக்கிற பிளாக் மீசா ஆய்வகத்தில் விபத்து நடந்தபோது அவள் குழந்தை. அம்மா அஸியான் அங்கேயே இறந்துபோனார். குழந்தையைத் தூக்கி வெளியே கொண்டுவந்தது ஜி-மேன். அவள் வெறும் குழந்தை, யாருக்கும் எந்தப் பயனும் இல்லை என்று சிலர் ஆட்சேபித்தும் நான்தான் காப்பாற்றினேன் என்று எபிசோட் இரண்டில் அவரே சொல்கிறார். ஆட்சேபித்தது யார்? முதலாளிகள் என்றால், அவர்கள் பேச்சை மீறி அவர் செய்த ஒரே காரியம் அது.

இரண்டாவது, மார்க் லெய்ட்லா. தொடரின் எழுத்தாளர், 2016இல் வால்வை விட்டு விலகினார். 2017 ஆகஸ்டில் தன் வலைத்தளத்தில் ஒரு கடிதம் போட்டார். பெயர்களையும் ஆண் பெண்ணையும் மாற்றிப்போட்டு, எபிசோட் மூன்று எப்படிப் போயிருக்கும் என்று எழுதியிருந்தார். அதில் கோர்டனும் ஆலிக்ஸும் பொரியாலிஸ் என்ற கப்பலையே வெடிகுண்டாக்கிக் கம்பைன் உலகத்தை நோக்கி ஓட்டிப்போகிறார்கள். எதிரே சூரியனையே சுற்றிவளைத்த பிரம்மாண்டமான கூடு. தங்கள் வெடி அதன்முன் ஒரு தீக்குச்சி என்று புரிகிற நேரத்தில் ஜி-மேன் வருகிறார். கோர்டனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஆலிக்ஸைக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறார். கோர்டனை மீட்பது வோர்ட்டிகான்ட்கள்தான். (தாசனுக்குச் சமர்ப்பணம்.)

2020இல் வந்த ஆட்டத்திலும் முடிவு அதுவே: ஆலிக்ஸ் போகிறாள், கோர்டன் மிஞ்சுகிறான். வழி வேறு, சேரும் இடம் ஒன்று. எழுதுபவர்களுக்கே தெரியாது என்று பழையடிஸ்க் சொல்வதை அப்படியே விழுங்க இதனால்தான் எனக்கு மனம் வரவில்லை.

பழையடிஸ்க்

அக்கா, அந்தக் கடிதத்தை எழுதினவரே பின்னாடி போட்டிருக்க வேண்டாம்னு வருத்தப்பட்டிருக்கார். அதை வச்சு வழக்கு நடத்தினா நிக்காது. ஆனா குழந்தையைக் காப்பாத்தின விஷயம்… சரி, அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

லாம்டா_ராத்திரி

யாரும் ஆப்போசிங் ஃபோர்ஸ் பத்திப் பேசலையே! 1999, நாயகன் ஏட்ரியன் ஷெப்பர்ட். நான் தொடர்லயே முதல்ல ஆடினது அதுதான், ஊர்ல ஒரு பிரவுசிங் சென்டர்ல, மணிக்கு 15 ரூபா.

அதுல ஜி-மேன் முழு நேர வேலையா அலையுறார். ஷெப்பர்ட் தப்பிச்சுப் போக இருந்த விமானத்துக்கு வழி விடாம கதவை மூடுவார். கொஞ்ச நேரம் கழிச்சு அதே ஆள் சாகக் கிடக்கும்போது கதவைத் திறந்தும் விடுவார். அணுகுண்டை ஷெப்பர்ட் செயலிழக்க வச்சுட்டுப் போனா, திரும்பிப் பார்க்கையில இவர் குனிஞ்சு நின்னு அதைத் திரும்ப முடுக்கிட்டிருப்பார்! பெட்டியைத் தூக்கிட்டு நிக்கிற ஆள் தன் கையாலேயே ஒரு வேலை செய்றதைப் பார்த்து எனக்கு அன்னைக்குத் தூக்கமே வரல.

கடைசியில ஷெப்பர்டை, உன்னால யாருக்கும் கெடுதல் வராத, உனக்கும் கெடுதல் வராத இடத்துல வச்சிருக்கேன்னு சொல்லி நிறுத்திடுவார். 99லேருந்து அந்த ஆள் அங்கேயே இருக்கான். கங்காணிகிட்ட இன்னொரு ஆள் கையிருப்புல இருக்கான்ங்க.

பழையடிஸ்க்

அது கியர்பாக்ஸ் செஞ்ச விரிவாக்கம். வால்வ் அதை ஏத்துக்கிச்சா இல்லையான்னு சண்டை இன்னும் ஓயல. ஷெப்பர்ட் வருவான்னு நானும் பத்து வருஷம் நம்பினேன். அதுக்கப்புறம் கல்யாணம் ஆயிருச்சு.

மலைநாட்டான்

எல்லாரும் ஜி-மேன் பக்கம் இருந்தே பேசுறோம். ஈலை பக்கம் இருந்து பார்த்தீங்களா?

பிளாக் மீசாவுல அந்தப் பரிசோதனைக்கு முன்னாடி, எதிர்பாராத விளைவுகளுக்குத் தயாராகுன்னு ஈலை காதுல சொன்னது இந்த ஆள்தான். விபத்துக்குக் காரணமான அந்தப் படிகக் கல்லைக் கொண்டுவந்து கொடுத்ததும் இவர்தான். இத்தனை வருஷம் கழிச்சு, எபிசோட் ரெண்டுல, அதே வரியை ஆலிக்ஸ் வாயால அவங்க அப்பாகிட்ட சொல்ல வைக்கிறார். தான் என்ன சொல்றோம்னு அவளுக்கே தெரியாது. ஈலை முகம் வெளுத்துப் போகுது, காலு தள்ளாடுது. உன் பொண்ணு என் கையில இருக்காங்கிறதுதான் அந்தச் சேதி. கடன்காரன் வீட்டு வாசல்ல வந்து நின்னு, பாப்பா நல்லாயிருக்காளான்னு கேட்பானே, அது.

ஆலிக்ஸ் ஆட்டத்தோட கடைசியில எல்லாம் புரிஞ்சு, அந்த ஆளைத் திட்டிட்டு, கோர்டன் நமக்கு வேலை இருக்குங்கிறார் ஈலை. டாக்ங்கிற ரோபோ கடப்பாரையைக் கொண்டுவந்து கையில கொடுக்குது. அடுத்த ஆட்டத்துல துரத்தப் போறது நாம. ஜி-மேன் வருவாரான்னு கேட்க வேண்டியதே இல்ல, நாமதான் அவரைத் தேடிப் போகணும்.

வோர்ட்டிதாசன்

அப்படிப் போனால் வோர்ட்டிகான்ட்கள் இல்லாமல் ஒரு அடி நகர முடியாது என்பதைப் பணிவன்புடன் பதிவு செய்கிறேன்.

வால்ட்டை மறந்துவிட வேண்டாம். அவரைப் பூட்டி வைக்க முடியும் என்று கம்பைன் நிரூபித்துவிட்டது. அடிமைப்பட்ட வோர்ட்டிகான்ட்களின் சக்தியை உறிஞ்சித்தான் அந்தச் சிறை நின்றது. அடிமைகளாக இருந்தபோதே அவற்றின் வலுவால் அவரை அடைக்க முடிந்ததென்றால், விடுதலையான பிறகு?

கடப்பாரை

சரி, என் பழைய கட்சியை மாற்றிக்கொள்கிறேன்.

மலைநாட்டான் தம்பி சொன்ன கங்காணிக்கு மேலே ஒரு துரை உண்டு. அந்த துரையிடம் கங்காணியே கடன்பட்டிருப்பானா?

மலைநாட்டான்

பெரும்பாலும் பட்டிருப்பான் அண்ணே. ஆளுக்குக் கொடுக்கிற முன்பணமே தோட்டத்துல இருந்து வாங்கினதுதானே. ஆளுங்க அவன்கிட்ட மாட்டியிருப்பாங்க, அவன் தோட்டத்துகிட்ட மாட்டியிருப்பான்.

கடப்பாரை

அப்படியானால் என் ஊகம் இது. அடுத்த ஆட்டத்தில் ஜி-மேன் கோர்டனிடம் உதவி கேட்டு வருவார். குழந்தை ஆலிக்ஸை ஆட்சேபத்தை மீறிக் காப்பாற்றியதை பனிக்கப்பல் எடுத்துக் காட்டினார்களே, அதுதான் எனக்குப் பிடி. முதலாளிகளுக்குத் தெரியாமல் அவர் தனக்கென்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார். கோர்டனை அவர்களுக்காகப் பிடித்தார். ஆலிக்ஸைத் தனக்காக வளர்த்தார். தன் துண்டைத் தானே கட்டிவிட்டு வெளியேற.

முதல் ஆட்டத்திலேயே ஒரு சின்ன வரி உண்டு. உனக்கு எல்லையில்லாத திறமை இருக்கிறதென்று அவர்களும் என்னோடு ஒத்துப்போகிறார்கள் என்பார். முதலில் நினைத்தது இவர், ஒத்துக்கொண்டது அவர்கள்.

பழையடிஸ்க்

நல்லாத்தான் இருக்கு. நடக்காது. ஆனா நல்லாத்தான் இருக்கு.

பனிக்கப்பல்

நடக்காது என்று அடித்துச் சொல்லாதீர்கள். 2024இன் கடைசி நாள் மைக் ஷாபிரோ ஜி-மேன் குரலில் ஒரு புத்தாண்டு வாழ்த்துப் பதிவு போட்டார், எதிர்பாராத ஆச்சரியங்கள் வரட்டும் என்று, ஹாஃப்-லைஃப் குறிச்சொல்லோடு. நான்கு வருஷத்துக்கும் மேலாக அந்தப் பக்கம் மௌனமாகக் கிடந்தது. அன்றைக்கு ராத்திரி நான் பட்டாசுச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

வால்வுக்கு மறதி என்றும் சொல்லிவிட முடியாது. 98இல் ஓய்வறை மைக்ரோவேவில் யாருடைய சாப்பாட்டையோ வெடிக்க வைத்துவிட்டுப் போனோமே, நினைவிருக்கிறதா? 2007இல் எபிசோட் இரண்டில் டாக்டர் மேக்னஸன் அதைச் சொல்லிக் காட்டித் திட்டினார். ஒன்பது வருஷம்!

பழையடிஸ்க்

பின்னாடி ஒட்டவச்சதுன்னு நான் சொன்னதுக்கு இதைவிட நல்ல ஆதாரம் வேணுமா அக்கா?

லாம்டா_ராத்திரி

இதைப் படிச்சுட்டு இன்னைக்குக் காலையில முதல் ஆட்டத்தைத் திரும்ப ஆரம்பிச்சேன். பரிசோதனைக் கூடத்துக்குப் போற வழியில, கண்ணாடி அறைக்குள்ள ஜி-மேன் ஒரு விஞ்ஞானிகிட்ட வாக்குவாதம் பண்ணிட்டு நிக்கிற இடம் இருக்குல்ல? நிறுத்திட்டு ரொம்ப நேரம் அங்கேயே பார்த்துட்டு இருந்தேன். சத்தம் தெளிவாக் கேட்காது. இத்தனை நாளா இவர் மிரட்டுறார்னுதான் நினைச்சிருந்தேன்.

யாராவது ஒருதடவை போய்ப் பாருங்களேன். கையை நீட்டி நீட்டிப் பேசுறது யாரு, யார் யாருக்குக் கணக்குச் சொல்ற மாதிரி இருக்கு?